புகார் முதலில் யார் கைக்குப் போகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர் ஒருவர்மேல் பாலியல் வன்கொடுமைப் புகார் வந்தால் கல்லூரி உண்மையில் என்ன செய்கிறது? கோச்சுக்கே தெரிந்திருந்தும் விஷயம் வருடக்கணக்கில் வெளியே வராமல் இருப்பது எப்படி?

இந்த வழக்குகளின் தீர்ப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் பல வருடமாகப் படித்து வருகிறேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். புகார் முதலில் யார் காதில் விழுகிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. விளையாட்டுத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் அன்றைக்கே போய்ச் சேர்ந்தால் முறையான விசாரணை நடக்க வாய்ப்புண்டு. அணியைச் சேர்ந்தவர்களிடம் முதலில் போனால், அவர்களுக்குள்ளேயே பஞ்சாயத்து பேசி முடிக்கத்தான் பார்க்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். டைட்டில் நைன் என்ற 1972-ஆம் வருடச் சட்டம்தான் அடிப்படை. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். பெண்களுக்கும் விளையாட்டு அணிகள் வந்ததற்குக் காரணமான சட்டம் என்றுதான் பலருக்கு இதைத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணைப் படிக்கவிடாமல் செய்யும் பாலியல் கொடுமையும் பாகுபாடுதான் என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. மாணவர் ஒருவர் இன்னொரு மாணவருக்குக் கடுமையான தொல்லை கொடுப்பது தெரிந்தும் நிர்வாகம் கண்டுகொள்ளாமல் இருந்தால், அந்த நிறுவனத்தின்மேலேயே நஷ்டஈடு வழக்குப் போடலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே ஒரு புகார் மூன்று வழிகளில் போகலாம். ஒன்று போலீஸ், அரசு வழக்கறிஞர், சிறை. இரண்டாவது கல்லூரியின் டைட்டில் நைன் அலுவலகம். அதிகபட்சம் கல்லூரியை விட்டு நீக்கலாம், சிறைக்கு அனுப்ப முடியாது. மூன்றாவது அணி, கோச் நினைத்தால் வீரரை ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கலாம். போலீஸ் வழக்குப் போடவில்லை என்பதற்காகக் கல்லூரி தன் விசாரணையை விட்டுவிட முடியாது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். கல்லூரி விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

சரி, வீரர் என்றால் என்ன வித்தியாசம்? சாதாரண மாணவன்மேல் புகார் வந்தால் அவனைச் சுற்றி யாரும் இருக்க மாட்டார்கள். ஃபுட்பால் (அங்கே அது நம் கால்பந்து இல்லை, கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஆட்டம்) வீரரைச் சுற்றி உதவி கோச், டியூஷன் சொல்லித்தருபவர், உடற்பயிற்சியாளர், படிப்பு ஆலோசகர் என்று ஒரு பட்டாளமே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரச்சினை என்றால் அவர் கோச்சுக்கு போன் போடுவார், கோச் தெரிந்த வக்கீலுக்குப் போடுவார். அந்தப் பெண் விடியும்வரை யாரைக் கூப்பிடுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். 2014-ல் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் கல்லூரிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். பதில் சொன்ன கல்லூரிகளில் 20 சதவீதத்துக்கு மேல், வீரர்கள்மேல் வரும் பாலியல் புகார்களைக் கவனிக்கும் பொறுப்பை விளையாட்டுத் துறைக்கே கொடுத்திருந்தன. விசாரணை வளையத்துக்குள் வர வேண்டியவர்களையே விசாரணைக்குப் பொறுப்பாக்கியிருந்தார்கள். அந்த வருடமே கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., விளையாட்டுத் துறைகள் இந்த விசாரணைகளில் தலையிடக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

ஒரு இடத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். டெக்சாஸில் வேக்கோ என்ற ஊரில் இருக்கும் பேய்லர் பல்கலைக்கழகம். பாப்டிஸ்ட் சபை சார்ந்தது, ஒழுக்க விதிகள் கடுமையானவை. அதன் ஃபுட்பால் அணி பல வருடம் கடைசி வரிசையிலேயே கிடந்தது. ஆர்ட் பிரைல்ஸ் கோச்சாக வந்தபின் நிலைமை தலைகீழானது. 2011-ல் அந்த அணியின் வீரருக்கு, கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன். 2013-ல் தங்கள் லீக்கான பிக் 12-ல் சாம்பியன் பட்டம். 2014-ல் பிராசோஸ் ஆற்றங்கரையில் 26 கோடியே 60 லட்சம் டாலர் செலவில் புது ஸ்டேடியம். ஊரே அணியின் நிறமான பச்சையும் மஞ்சளும் கட்டிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை.

அதே நாட்களில் 2012 ஏப்ரலில் ஒரு மாணவி, அணியின் வீரர் தன்னை வன்புணர்ந்ததாகப் புகார் கொடுத்தார். 2014 ஜனவரியில் நீதிமன்ற ஜூரி அந்த வீரரைக் குற்றவாளி என்றது, 20 வருட சிறை. விசாரணையில் வேறு பெண்களும் வந்து தங்களுக்கு நடந்ததைச் சாட்சி சொன்னார்கள். அதாவது இந்தப் பெண் முதல் ஆள் இல்லை. பிற்பாடு அவர் பல்கலைக்கழகத்தின்மேல் போட்ட வழக்கின் மனுவைப் படித்தபோது புத்தகத்தை மூடுவதுபோல் மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். கவுன்சலிங் கேட்டால் இடமில்லை. படிப்பில் சலுகை கேட்டால் முடியாது. அம்மா போன் செய்து கெஞ்சியபோது, உங்கள் மகள்மேல் விமானமே விழுந்தாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று அலுவலக ஊழியர் ஒருவர் சொன்னதாக அந்த மனுவில் இருக்கிறது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது.

2015 ஆகஸ்டில் இன்னொரு வீரர்மேல் நடந்த வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தபிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டது. பெப்பர் ஹாமில்டன் என்ற சட்ட நிறுவனத்தை விசாரிக்கச் சொன்னார்கள். முழு அறிக்கை எழுத்தில் வரவே இல்லை. விசாரித்தவர்கள் நிர்வாகக் குழுவிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள், 2016 மே மாதம் 13 பக்கச் சுருக்கம் மட்டும் வெளியே வந்தது. அந்த 13 பக்கமே போதுமானதாக இருந்தது. ஃபுட்பால் பணியாளர்கள் புகார் சொன்ன பெண்களை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்கள், ஆனால் மேலே தெரிவிக்கவில்லை. எந்தப் பயிற்சியும் இல்லாமல் அவர்களே விசாரணை நடத்தி, அந்தப் பெண்களின் பேச்சை நம்பத் தகாததாக ஆக்கியிருக்கிறார்கள். ஃபுட்பால் அணி விதிகளுக்கு மேலானது என்ற எண்ணம் வளர்ந்திருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. நிர்வாகத்தினரின் செயல் ஒரு பெண்ணைப் பழிவாங்குவதாகவே அமைந்திருந்தது. டைட்டில் நைன் வேலைக்கு முழுநேர ஆளைப் பேய்லர் நியமித்ததே 2014 நவம்பரில்தான். அதற்கு முந்திய வருடங்களில் புகாரோடு வந்தவர்களைக் கவனிக்க முழுநேர அலுவலர் ஒருவர்கூட இல்லை.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. கல்யாணத்துக்கு முன் உறவு கூடாது, மது கூடாது என்று விதி இருக்கும் இடத்தில், பார்ட்டியில் குடித்திருந்த பெண் புகார் சொன்னால் முதலில் அவளையே குற்றம் சொல்வார்களோ என்ற பயம் வரும். அன்றைக்கு நீ ஏன் அங்கே போனாய் என்ற கேள்வி புகார் சொன்ன பெண்களுக்கு வந்திருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பிரைல்ஸ் வேலையிழந்தார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார், ஒரு காலத்தில் அதிபர் கிளிண்டனை விசாரித்தவர், பதவியிலிருந்து இறக்கப்பட்டார். விளையாட்டுத் துறை இயக்குநர் ராஜினாமா செய்து, 2016 நவம்பரில் வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே பதவியில் அமர்ந்தார். 2011-லிருந்து 17 பெண்கள் ஃபுட்பால் வீரர்கள்மேல் 19 தாக்குதல்களைப் புகார் செய்திருந்தார்கள் என்று நிர்வாகக் குழுவினரே பின்னர் பத்திரிகையிடம் சொன்னார்கள். தான் எதையும் மறைக்கவில்லை என்று பிரைல்ஸ் தொடர்ந்து மறுத்து வந்திருக்கிறார்.

என்.சி.ஏ.ஏ. என்ன செய்தது என்பதைக் கேட்டால் கோபம்தான் வரும். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பாலியல் வன்முறைப் புகார்களைக் கையாண்டதில் தாங்கள் ஒழுக்கரீதியாகத் தவறிவிட்டதைப் பேய்லரே ஒப்புக்கொண்டது, ஆனால் அது என்.சி.ஏ.ஏ. விதிமீறல் இல்லை என்று வாதாடியது. மிகுந்த தயக்கத்தோடு அதை ஏற்கிறோம் என்றது தீர்ப்புக் குழு. வேறு சிறிய மீறல்களுக்காக 5,000 டாலர் அபராதமும் சில கட்டுப்பாடுகளும் விதித்தார்கள். வீரருக்கு யாராவது இலவசமாகச் சாப்பாடு வாங்கிக்கொடுத்தால் அதற்கு விதி உண்டு. பெண்ணின் புகாரைக் கோச் தன்னிடமே வைத்துக்கொண்டால் அதைத் தண்டிக்க விதி இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் மனம் ஆறவே இல்லை.

அடுத்தது நேரம், அதாவது சாட்சியத்தை எவ்வளவு சீக்கிரம் சேகரிக்கிறார்கள் என்பது. இதை இரண்டு கேமராக்களை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2012 டிசம்பரில் ஒரு மாணவி போலீஸில் புகார் கொடுத்தார். தன்னைத் தாக்கியவர் என்று ஜனவரியில் அவர் அடையாளம் சொன்னது ஜேமிஸ் வின்ஸ்டனை, அணியின் எதிர்கால நட்சத்திரம். அன்று இரவு அவர்கள் இருந்த பாரில் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. போலீஸ் அந்தப் பதிவுகளை வாங்கவே இல்லை. வீரரின் டி.என்.ஏ. மாதிரியை எடுத்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, பத்திரிகைகள் கேட்க ஆரம்பித்தபிறகு. 2013 டிசம்பர் தொடக்கத்தில் அரசு வழக்கறிஞர் வழக்கு இல்லை என்று அறிவித்தார், அடுத்த வாரம் வின்ஸ்டன் ஹைஸ்மன் விருது வாங்கினார். பல்கலைக்கழகத்தின் விசாரணை நடந்ததே 2014 டிசம்பரில்தான். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் விசாரித்து, சாட்சியம் போதாது என்று அவரை விடுவித்தார். அவர் எப்போதும் குற்றச்சாட்டை மறுத்தே வந்திருக்கிறார், அவர்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை. அந்த இரவு என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. இரண்டு பேருக்குமே உண்மையைத் தந்திருக்கக்கூடிய சாட்சியத்தைச் சேகரிக்காமல் விட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம். 2016-ல் பல்கலைக்கழகம் அந்தப் பெண்ணின் வழக்கை முடிக்க 9,50,000 டாலர் கொடுத்தது.

இரண்டாவது கேமரா நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், ஒரு ஹாஸ்டல் நடைவழியில். 2013 ஜூனில் ஹாஸ்டலில் ஏதோ சேதமாகியிருந்தது, யார் செய்தது என்று பார்க்க ஊழியர்கள் பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். நினைவில்லாத ஒரு பெண்ணை ஃபுட்பால் வீரர்கள் அறைக்குத் தூக்கிப்போவது அதில் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் நினைவில்லை, புகார் கொடுக்க அவருக்குத் தெரிந்திருக்கவே நியாயமில்லை. ஊழியர்கள் கோச்சிடம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. விஷயம் நகரப் போலீஸுக்குப் போனது, ஒரு வாரத்துக்குள் நான்கு வீரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மூன்று பேருக்கு 15 முதல் 17 வருட சிறை. நான்காமவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு இடத்தில் கேமராப் பதிவை யாரும் போய்க் கேட்கவில்லை, இன்னொரு இடத்தில் கோச்சைக் கேட்காமலே நேராகப் போலீஸிடம் கொடுத்தார்கள்.

அணியே எதிர்த்து நின்ற ஒரு சம்பவமும் உண்டு. 2016 டிசம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகம், ஒரு கூட்டு வன்கொடுமைப் புகாரின் பேரில் பத்து வீரர்களை நிறுத்திவைத்தது. அரசு வழக்கறிஞர் வழக்குப் போட மறுத்திருந்ததால் மீதி வீரர்களுக்கு அநியாயமாகத் தோன்றியது. சீசன் முடிவில் நடக்கும் ஹாலிடே பவுல் ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று அறிவித்தார்கள். கோச் டிரேசி கிளேஸ் ட்விட்டரில் அவர்களைப் பாராட்டினார். அப்புறம் பல்கலைக்கழகத்தின் விசாரணை அறிக்கையை உள்ளூர் டிவி வெளியிட்டது. எண்பது பக்கம். யார் எப்போது அறைக்குள் வந்தார்கள், அந்தப் பெண் என்ன சொன்னார் என்று வரிவரியாக அதில் இருந்தது. அது வெளியான மறுநாளே வீரர்கள் போராட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தும் ஜனவரி முதல் வாரத்திலேயே கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். பத்து பேரில் சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அறிக்கையைப் படிக்கும்வரை, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கள் நண்பர்களின் முகம்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. 2006-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தின் லக்ரோஸ் அணி வீரர்கள் மூன்று பேர்மேல் வன்புணர்வு வழக்கு போட்டார்கள், அணியின் மீதி ஆட்டங்கள் ரத்து, கோச் விலக வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் அவர்களை நிரபராதிகள் என்றே அறிவித்தார். சாட்சியத்தை மறைத்த மாவட்ட வழக்கறிஞரின் வக்கீல் உரிமமே பறிபோனது. இன்னும் சமீபத்தில், 2023 டிசம்பரில் இல்லினாய் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானன் கான்சஸில் ஒரு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டதும் பல்கலைக்கழகம் உடனே அவரை நிறுத்திவைத்தது. அவர் நீதிமன்றம் போனார். போதிய விசாரணை இல்லாமல் நிறுத்தியது தவறு என்ற அவர் வாதத்தை ஏற்று, நீதிபதி அடுத்த மாதமே ஆட அனுமதித்தார். 2024 ஜூனில் ஜூரி அவர் குற்றவாளி இல்லை என்றது. ஆகவே புகார் வந்த அன்றே ஒருவரைத் துரத்திவிடுவது நியாயம் ஆகாது. விளையாட்டுத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் முறையாக, வேகமாக விசாரித்தால் தப்பு செய்யாத வீரருக்கும் அதுதான் காப்பு.

விசாரணை விதிகள் அதிபர் மாறும்போதெல்லாம் மாறுவது இன்னொரு தலைவலி. ஒபாமா அரசு 2011-ல் கல்லூரிகளுக்குக் கடுமையான வழிகாட்டுதல் அனுப்பியது, 2017-ல் ட்ரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. 2020 விதிகளின்படி கல்லூரி நேரடி விசாரணை வைக்க வேண்டும். இரு தரப்புக்கும் ஆலோசகர் இருப்பார், மறுதரப்பைக் குறுக்கு விசாரணை செய்வது அவர்தான். வீரருக்குச் செலவு செய்ய வசதி இருந்தால் அந்த ஆலோசகர் தேர்ந்த வக்கீலாக இருப்பார். பெண்ணுக்கு ஆள் இல்லை என்றால் கல்லூரி ஒருவரைத் தர வேண்டும், அவர் வக்கீலாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பைடன் அரசு 2024-ல் கொண்டுவந்த மாற்றத்தை 2025 ஜனவரியில் கென்டக்கி நீதிபதி ரத்து செய்ததால் மறுபடியும் 2020 விதிகளுக்கே வந்துவிட்டார்கள்.

அப்புறம், வீரர் கல்லூரி மாறிப்போவது. ஒரு இடத்தில் விசாரணை நடக்கும்போதே அங்கிருந்து விலகி அடுத்த ஊருக்குப் போய் அங்கே புது ஜெர்சி போட்டுக்கொள்ளும் வழக்கம் ரொம்ப காலமாக இருந்தது. இதை மாற்ற அதிகம் உழைத்தவர் பிரெண்டா ட்ரேசி. 1998-ல் ஓரிகனில் நான்கு பேர் தன்னை வன்புணர்ந்ததாகப் புகார் கொடுத்தவர், அப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். அதில் இருவர் ஓரிகன் ஸ்டேட் வீரர்கள். வழக்கு நடக்கவில்லை. கோச் மைக் ரைலி அவர்களை ஒரே ஒரு ஆட்டம் நிறுத்திவைத்தார், நல்ல பையன்கள் தப்பான முடிவெடுத்துவிட்டார்கள் என்றார். 2014-ல் ட்ரேசி தன் பெயரோடு வெளியே வந்து பேசினார். அதே ரைலி மன்னிப்புக் கேட்டு, 2016-ல் நெப்ராஸ்காவில் தன் வீரர்கள்முன் பேச அவரைக் கூப்பிட்டார். தன்னை உடைத்த வார்த்தையைச் சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள்முன் அந்த இரவைப் பற்றிப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும்!

2015-ல் தெற்கு மாநிலக் கல்லூரிகளின் எஸ்.இ.சி. லீக், கடுமையான குற்ற நடத்தைக்காக வேறு கல்லூரியில் நீக்கப்பட்டவர்களைச் சேர்க்கத் தடை போட்டது. 2017-ல் இண்டியானா பல்கலைக்கழகம், பாலியல் வன்முறைப் பின்னணி உள்ளவர்களை அணிகளில் எடுப்பதில்லை என்றது. இப்போது என்.சி.ஏ.ஏ. விதிப்படி ஒவ்வொரு வீரரும் வருடாவருடம் தன்மேல் இப்படி விசாரணையோ தண்டனையோ உண்டா என்று கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும், மாறிவரும் வீரரின் பழைய கல்லூரியிடம் விசாரிக்கவும் வேண்டும். விசாரித்தபிறகு சேர்ப்பதா வேண்டாமா என்பதை மட்டும் கல்லூரியிடமே விட்டுவிட்டார்கள்.

கல்லூரிகள் திருந்துகிறதென்றால் பெரும்பாலும் பணத்தால்தான். கொலராடோ பல்கலைக்கழகம் 2007-ல் 28 லட்சத்து 50 ஆயிரம் டாலர், டென்னசி 2016-ல் எட்டுப் பெண்களுக்கு 24 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுத்து வழக்குகளை முடித்தன. டெக்சாஸ் மட்டும் பேய்லருக்குப்பின் ஒரு படி மேலே போனது. 2019 சட்டப்படி, பாலியல் தாக்குதல் பற்றித் தெரிந்தும் டைட்டில் நைன் அலுவலகத்துக்குத் தெரிவிக்காத கல்லூரி ஊழியர் வேலையும் இழக்கலாம், குற்ற வழக்கையும் சந்திக்கலாம். கோச்சுக்கும் இது பொருந்தும். எல்லா மாநிலத்திலும் இப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, அல்லது அங்கே படிக்கும் உங்கள் தங்கைக்கோ மகளுக்கோ, இது நேரடியாகத் தேவைப்பட்டால்: முதலில் ஆஸ்பத்திரி. போலீஸில் புகார் கொடுக்காமலேயே தடய மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளலாம், அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. குளிக்காமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் எடுத்துப்போவது நல்லது. கல்லூரிக் கவுன்சலரிடம் பேசினால் பொதுவாக அது அவரோடு இருக்கும். பேராசிரியரிடமோ ஹாஸ்டல் பொறுப்பாளரிடமோ சொன்னால், பல கல்லூரிகளில் அவர் அதை மேலே தெரிவித்தாக வேண்டும். புகார் எழுதிக்கொடுக்காவிட்டாலும் வகுப்பையோ அறையையோ மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். அணியிலிருந்து யாராவது பேச வேண்டும் என்று கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம். சொல்ல வேண்டியதை டைட்டில் நைன் அலுவலகத்துக்கு ஈமெயிலில் அனுப்பி, அதன் பிரதி ஒன்றைக் கல்லூரிக் கணக்கில் இல்லாமல் சொந்த ஈமெயிலில் வைத்துக்கொள்ளுங்கள்.